ஜான்சி அக்கா கேட்காமல் கொடுத்த நம்பர்

"ஜான்சி அக்காவே வேலை தேடுறாங்களாம்."

தோஹாவில் ஆஸ்பத்திரி ஸ்டோரில் என்னோடு வேலை செய்யும் ஷரஃபுதீன் சொன்னான். அவனுக்குச் சொன்னது திருவல்லிக்கேணியில் இருக்கும் அவன் தங்கை மஹ்விஷ். அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. "ஊருக்கெல்லாம் வேலை மாத்தி விடுறவங்களுக்கே வேலை இல்லன்னா, நாமெல்லாம் எங்க மச்சி போறது?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் லீவில் சென்னைக்குக் கிளம்பும்போது அக்காவைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

சைதாப்பேட்டை கோர்ட்டுக்குப் பின்தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், பதினைந்து வருடமாக உட்கார்ந்திருக்கிறார் ஜான்சி அக்கா. வாசலில் போர்டு கிடையாது. அதற்கு முன்னால் கிண்டியில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவர். ஒரே வாரத்தில் நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பிவிட்டு, நாற்பத்தோராவது ஆளாகத் தானும் எழுந்து வந்துவிட்டார். அந்த நாற்பது பேரையும் ஒவ்வொருவராகத் தேடிப்போய், அடுத்து என்ன வேலைக்குப் போகலாம் என்று கூட உட்கார்ந்து யோசித்தார். அதுவே தொழிலாகிவிட்டது.

பயோடேட்டாவை அவர் கையால் தொடமாட்டார். "அதை அப்டி வை. நேத்து காலைல இருந்து இன்னா இன்னா பண்ணே, அதைச் சொல்லு" என்பார். கேட்டுக்கொண்டே எழுதுவார். இந்த வேலைக்குப் போகலாமா என்று யாராவது ஒரு இடத்தைச் சொன்னால், பதில் எப்போதும் ஒன்றுதான்: "வேலை விடுற நேரத்துக்கு அந்த கேட்டாண்ட போய் நில்லு. மூணு நாள். வெளிய வர்றவங்க மூஞ்சியைப் பாத்துட்டு வா."

நான் அவரிடம் போனபோது உஸ்மான் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். எட்டாவது வரை தமிழ், அப்புறம் இங்கிலீஷ் மீடியம். இன்டர்வியூவுக்குப் பழக்குவதற்காக இரண்டிலும் பேசச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டார். "இன்னா நைனா, ரெண்டு பாஷைலயும் மன்னிப்பே கேட்டுக்கினு கீற?"

தோஹா வேலை வந்தபோது எந்த கேட்டில் போய் நிற்பது? மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கு அனுப்பினார், தோஹாவிலிருந்து லீவில் வருகிறவர்களைப் பார்க்க. மூன்று நாளும் போனேன். வண்டி தள்ளிக்கொண்டு வெளியே வந்த ஒவ்வொரு முகமும் அப்படி மலர்ந்திருந்தது. தைரியமாகக் கிளம்பிவிட்டேன். நான் பார்த்தது வேலையின் சந்தோஷமல்ல, வீடு திரும்புகிற சந்தோஷம் என்று உறைக்க ஒரு வருடம் பிடித்தது. போனில் அக்காவிடம் சொன்னேன். "என் தப்புதான் கிஷ்ணா. போற வாசல்ல நிக்க சொல்லியிருக்கணும்" என்றார்.

அது நடந்து எட்டு வருடம் ஆகிறது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மாடி ஏறினேன். எதிரில் நிஷா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அடையாறில் பார்லர் வேலை, நர்சிங் உதவியாளராகப் போக ஆசை.

"மூணு நாள் நின்னேங்க்கா. ஒருத்தி மூஞ்சியும் நல்லா இல்ல."

"அப்போ வேணாமா?"

"வேணும்க்கா. எல்லாம் ஒண்ணா டீக்கடைக்குப் போதுங்க. பார்லர்ல நான் தனியாதான் குடிக்கிறேன்."

"இதைத்தான் எழுதணும்" என்று அக்கா பேனாவை எடுத்தார்.

நிஷா போனதும், கேள்விப்பட்டதைச் சொன்னேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "தோஹா வரைக்கும் பூட்ச்சா?"

வதந்தி இல்லை, நிஜம்தான். பட்டினப்பாக்கத்தில் ஒரு டிரஸ்ட். கடலுக்குப் போகிற படகுகளுக்குக் காற்றும் அலையும் எப்படியிருக்கிறது என்று போனில் சொல்கிறார்கள். கரைப் பேச்சு தெரிந்த ஆள் வேண்டுமாம்.

அக்கா பிறந்தது நொச்சிக்குப்பத்தில். அப்பா மிக்கேல் கடலுக்குப் போனவர். பன்னிரண்டு வயது வரை அக்காவும், படகு கரையேறும்போது கயிறு பிடிக்க ஓடியிருக்கிறார். பெரிய பெண் ஆனதும் கரைப்பக்கம் போகாதே என்றார்கள். படிப்பு, கிண்டி, கல்யாணம், அசோக் நகர் என்று போய்விட்டது.

"வாடை, கச்சான், கொண்டல்னு அப்பா சொன்ன காத்துப் பேரெல்லாம் இன்னும் மனப்பாடமா கீது. அதை வெச்சிக்கினு அசோக் நகர்ல இன்னா பண்றது? அங்க ஃபேன் காத்துதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இருபத்தாறு வருஷமா கடலை பஸ் ஜன்னல்லருந்துதான்டா பாக்குறேன்" என்றார்.

"நீங்க கேட்டாண்ட நின்னீங்களா?"

"பதினோரு நாள். பத்து மணிக்கு ஷிப்ட் முடிஞ்சு வெளிய வருதுங்க பொண்ணுங்க. நேரா பஸ் ஸ்டாப்புக்குப் போவல. ஒரு தபா திரும்பி கடலைப் பாத்துட்டுதான் போதுங்க. அவ்ளோ நேரம் அதைப் பத்தியே பேசிட்டு, மறுபடியும் அதையே பாக்குதுங்க."

"வேலை கெடச்சா இந்த ரூம்?"

"பூட்டிடுவேன்."

தோஹாவை விட்டு ஊரோடு வந்துவிட நானும் வழி கேட்கத்தான் வந்திருந்தேன். அதைச் சொல்லவில்லை.

"இன்டர்வியூ முடிஞ்சுது. நான் வேலை மாத்தி விட்ட ஒருத்தராண்ட அவங்க பேசணும், அது ஒண்ணுதான் பாக்கி. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள. உன்னாண்ட பேசிட்டாங்கல்ல?"

"என்னாண்டயா?"

"உன் தோஹா நம்பர்தானே குடுத்தேன்."

அந்த நம்பரின் சிம் என் பர்ஸில் கிடந்தது. லீவில் சூப்பர்வைசர் கூப்பிட்டுவிடுவாரோ என்ற பயத்தில், விமானம் இறங்கியதுமே அந்த சிம்மைக் கழற்றிவிடுவது என் வழக்கம். கழற்றி ஆறு நாள் ஆகிவிட்டது.

"ஏங்க்கா சொல்லல? யார் பேரைக் குடுத்தாலும் அவங்களை முதல்ல கேளுன்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்லுவீங்க?"

"வெக்கமா இருந்துச்சு நைனா" என்றார். "எனக்காக நாலு வார்த்தை பேசுன்னு உன்னை எப்படிக் கேப்பேன்?"

பர்ஸிலிருந்து சிம்மை எடுத்தேன். அக்கா புடவையிலிருந்து சேஃப்டி பின்னைக் கழற்றிக் கொடுத்தார். இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை போனின் தட்டு வெளியே வந்தது. சிக்னல் வர நாலு நிமிடம். பிறகு வரிசையாகத் தகவல்கள். சூப்பர்வைசர் ஒரு தடவைகூடக் கூப்பிட்டிருக்கவில்லை. சென்னை நம்பர் ஒன்று மூன்று தடவை கூப்பிட்டிருந்தது: செவ்வாய், வியாழன், இன்று மதியம்.

மணி ஐந்து அடிக்க ஆறு நிமிடம். அந்த நம்பரைப் போட்டேன். முழுவதும் அடித்து நின்றது. மறுபடி போட்டேன்.

அக்கா எழுந்து, தெருச்சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்தினார். சாத்தியவர் திரும்பவில்லை.

"எடுத்தாங்களா?"

"அடிக்குதுங்க்கா."

"டீக்குப் போயிருப்பாங்க. வெச்சிடாதே."

நான் வைக்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.