வேணாம் அக்கா வாங்கிய மெஷின்

துணியைத் துவைத்து, அதிலேயே காயவும் வைத்துத் தருகிற மெஷினை வாங்கலாமா என்று என் மனைவியிடம் மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் முதலில் வருவது ‘வேணாம்’. பதினெட்டு வருஷமாக வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவள். மெஷின் விற்கிற கடைக்காரர்கள் அவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவள் வேலை செய்யும் பட்டறையில் அவளுக்குப் பெயரே வேணாம் அக்காதான். முதலாளி அவளைவிட ஏழு வயது பெரியவர்; அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

சும்மா வேணாம் என்று சொல்லிவிட்டுப் போகிறவளும் இல்லை. பையில் ஒரு கொக்கித் தராசு வைத்திருப்பாள். கேட்ட வீட்டின் அழுக்குத் துணியையெல்லாம் ஒரு போர்வையில் மூட்டை கட்டச் சொல்லித் தராசில் தூக்கிப் பிடிப்பாள்.

“ஏழு கிலோ இருக்கு. மெஷின் எட்டு கிலோ துவைக்கும். ஆனா காயவைக்கிறது அஞ்சு கிலோதான். மிச்ச ரெண்டு கிலோவை ஈரத்தோட வெளிய எடுத்துக் கொடியில போடணும். நீங்க போட மாட்டீங்க. மொத்தத்தையும் உள்ளேயே விட்டுட்டு, காயலன்னு எனக்கு போன் பண்ணுவீங்க. ஒரு இடத்துல கெட்டா துவைக்கிறதும் போச்சு, காயறதும் போச்சு.”

அதற்கு மேல் யாருக்கு வாங்க மனசு வரும்?

நான் முடிவெட்டுகிறவன். சொந்தமாகச் சின்னக் கடை, இரண்டு நாற்காலி. இந்தத் தொழிலில் கைக்கு இருக்கிற வேலை வாய்க்கும் உண்டு. என் வாய் கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்யும். அது பண்ணிய கூத்தையும் சொல்லத்தான் போகிறேன்.

எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இரண்டே அறை. பால்கனி கிடையாது. மொட்டை மாடியை வீட்டுக்காரர் பூட்டி வைத்திருக்கிறார். முன்னறையில் ஜன்னல் கம்பியிலிருந்து கதவுக்கு மேலே இருக்கும் ஆணி வரைக்கும் ஒரு கொடி. எவ்வளவு பெரிய மனுஷர் வந்தாலும் எங்கள் வீட்டுக்குள் குனிந்துதான் வர வேண்டும். ஊரார் மெஷினையெல்லாம் பார்க்கிறவள் வீட்டில் மெஷின் இல்லை என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அவளுக்குத் தேவைப்படவில்லை. பழுது பார்த்த மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பட்டறையில் எங்கள் துணியைப் போட்டுத்தான் சோதிப்பாள். காலையில் அழுக்குப் பை போகும், மாலையில் ஈரப் பையாகத் திரும்பி வரும். கொடியில் போடுவது என் வேலை.

இரண்டு வருஷத்துக்கு முன் என் மாமியார் போன பிறகு மாமனாரை எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். குடிநீர் பம்பு நிலையத்தில் மோட்டார் இயக்குகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் மணி பார்த்துச் செய்வார், அதிகம் பேச மாட்டார். கொடிக்குக் கீழே முன்னறையில் அவருக்கு ஒரு கட்டில் போட்டோம். ஒரு வருஷம் எல்லாம் நன்றாகத்தான் போனது.

அதன் பிறகு அவர் தினமும் பெட்ஷீட் துவைக்க ஆரம்பித்தார். பட்டறைக்குப் போகிற பையில் போட மாட்டார். விடிகிற நேரத்தில் குளியலறையில் கையாலேயே துவைத்துப் பிழிந்து கொடியில் போட்டுவிடுவார். மகள் கேட்டதற்கு, “எனக்கு சும்மா உக்காந்திருக்க முடியலம்மா” என்றார். நம்பிவிட்டோம். நான் நம்பியதோடு நிற்கவில்லை. “எங்க மாமனாருக்குச் சுத்தப் பைத்தியம். ஆஸ்பத்திரியிலகூட தினம் பெட்ஷீட் மாத்த மாட்டாங்க, இவர் மாத்துவாரு” என்று கடையில் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

எங்களுக்கு மேல் மாடியில் குடியிருப்பவர் என் வாடிக்கைக்காரர். ஒருநாள் எங்கள் ஏணியைத் திருப்பித் தர வந்தவர், ஈர பெட்ஷீட்டுக்கு அடியில் குனிந்து நுழைந்து, மாமனாரைப் பார்த்துச் சிரித்தார். “மாப்பிள்ளை கடையில சொன்னாரு உங்க பெட்ஷீட் கதைய. எங்க வீட்டுல கைக்குழந்தை இருந்தப்பகூட நாங்க இப்படித் துவைச்சதில்ல சார்” என்றார். நானும் சிரித்தேன். மாமனார் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது சொன்னார். ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் விசாரித்திருக்கிறாராம். ஒன்றாம் தேதியிலிருந்து ஒரு கட்டில் காலியாக இருக்கிறதாம். “அங்க பேச்சுத் துணை இருக்கும். நீங்க ரெண்டு பேரும் காலையில போனா ராத்திரிதான் வர்றீங்க” என்றார். ஒன்றாம் தேதிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

என் மனைவி சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். அதிகம் பேசாத மனுஷருக்கு எதற்குப் பேச்சுத் துணை? நான்தான் ஏதோ சொல்லி அவர் மனதைப் புண்படுத்திவிட்டேன் என்று என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. நான் ஒன்றுமே சொல்லவில்லை என்று சத்தியம் செய்யாத குறை. அப்போது உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வாரம் முழுக்க மழை. வெள்ளிக்கிழமை அவள் பக்கத்துத் தெருவில் ஒரு வேலையை முடித்துவிட்டு மதியமே வீட்டுக்கு வந்திருக்கிறாள். மாமனார் கண் டாக்டரிடம் போயிருந்தார். விரிப்பு கசங்கியிருக்கிறதே என்று சரிசெய்யப் போனவளின் கையில் ஈரம் பட்டது. முந்தைய நாள் துவைத்தது மழையில் காயாமல், ஈரத்தோடேயே விரித்துப் படுத்திருக்கிறார். விரிப்புக்கு அடியில் கனமான பிளாஸ்டிக் தாள். புது மெஷின் சுற்றி வரும் உறை அது. மழைக்கு ஜன்னலில் கட்ட அவளே பட்டறையிலிருந்து கொண்டு வந்து வைத்திருந்தது. அதை மெத்தை அளவுக்கு நேராக வெட்டிப் பரப்பியிருந்தார்.

எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்கார்ந்தாள்.

“அப்பாவுக்கு ராத்திரியில தெரியாம படுக்கையிலயே ஒண்ணுக்குப் போயிடுது. அதைத்தான் மறைச்சு மறைச்சுத் துவைச்சிருக்காரு. நீங்க இங்க என்ன சொல்லி வச்சிருக்கீங்க?”

சொன்னேன். சொல்லும்போதே உடம்பு கூசியது. அவள் திட்டியிருந்தால் தேவலாம். திட்டவில்லை, கண்ணாடியைப் பார்த்து அழுதாள். பத்தொன்பது வருஷக் கல்யாணத்தில் அவள் அழுது நான் பார்த்தது இரண்டு தரம்தான்.

“டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாம்” என்றேன்.

“போகணும். ஆனா உடனே நின்னுடும்னு சொல்ல முடியாது. ஒண்ணாந்தேதிக்குள்ள நிக்காது.”

“அப்போ அந்த ரெண்டும் பண்ற மெஷின் ஒண்ணு வாங்கிடலாமே.”

“வேணாம்” என்றாள். பழக்க தோஷம். சொன்ன கையோடு நிமிர்ந்து உட்கார்ந்து யோசித்தாள்.

அன்று மாலை தன் கொக்கித் தராசில் ஒரு பெட்ஷீட், ஒரு தலையணை உறை, ஒரு பைஜாமா, ஒரு பனியன் கட்டித் தூக்கினாள். ஒன்றே கால் கிலோ.

“இத்தனை வருஷமா எத்தனை கிலோன்னுதான் பாத்தேன். யாரோட துணின்னு கேட்டதே இல்ல” என்றாள் மெதுவாக. துவைப்பது அவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை. துவைத்ததை நடு வீட்டில், வருகிறவர் போகிறவர் தலைக்கு மேல் தொங்கவிட வேண்டியிருந்ததுதான் அவரை விரட்டியது. அது எங்கள் இருவருக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது.

பட்டறையில் இரண்டும் செய்கிற மெஷின் ஒன்று மூலையில் கிடந்தது. காயவே மாட்டேன் என்கிறது என்று ஒரு வீட்டில் வெறுத்துப்போய்த் தள்ளிவிட்டது. வேறொன்றுமில்லை, அடைத்து அடைத்துப் போட்டிருக்கிறார்கள். அவள் பின்பக்கத்தைக் கழற்றி, காற்று போகும் வழியில் கெட்டியாகப் படிந்திருந்த துணிப் பஞ்சைக் கை கையாக அள்ளிப் போட்டாள். கதவு ரப்பரை மாற்றினாள். எனக்கு வேணும் என்று முதலாளியிடம் சொன்னபோது பட்டறையே சிரித்ததாம். வேணாம் அக்காவுக்கே வேணுமாமே என்று இன்றைக்கும் ஓட்டுகிறார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. சமையலறையில் பாத்திர அலமாரியை எடுத்துவிட்டு, இரண்டு பேரை வைத்து மூன்று மாடி ஏற்றினோம். பாத்திரங்கள் இன்னும் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன.

அப்பாவிடம் அவள் எதையும் போட்டு உடைக்கவில்லை.

“அப்பா, இந்த மெஷினைப் பத்தி ஊரெல்லாம் வேணாம் வேணாம்னு சொல்லிட்டேன். கொஞ்சமா போட்டா எப்படி ஓடுதுன்னு நான் பாத்ததே இல்ல. தினம் காலையில நீங்க ஓட்டிப் பாத்து, எத்தனை மணிக்குப் போட்டீங்க, எப்ப முடிஞ்சுதுன்னு எழுதி வைங்க. ரெண்டு கிலோவுக்கு மேல போடாதீங்க. எங்க துணி இதுல வேணாம், பட்டறையிலயே ஆகட்டும்.”

அவர் மகளை ஒரு நிமிஷம் பார்த்தார். முப்பது வருஷம் மோட்டார் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொன்னவர். மகள் குரலில் என்ன இருக்கிறது என்று தெரியாமலா போகும்? மெஷின் கதவை எப்படிப் பூட்டுவது என்று மட்டும் கேட்டார்.

முதல் நாளே தகராறு. ஓட்டம் முடிந்தும் கதவு திறக்கவில்லை என்று பட்டறைக்கு போன் போட்டார். சூடு ஆறினால்தான் திறக்கும், பத்து நிமிஷம் பொறுங்கள் என்றாள். இரண்டாம் நாள் துணி ஒரே சுருக்கம் என்று புகார். முடிந்ததும் எடுத்து உடனே மடித்துவிடச் சொன்னாள். மூன்றாம் நாளிலிருந்து போன் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கட்டிலில் உலர்ந்த விரிப்பு, கொடியில் அவர் துணி ஒன்றும் கிடையாது. டாக்டரிடமும் போனார், என்னையோ அவளையோ கூப்பிடாமல். மாத்திரை அட்டை அலமாரியில் இருந்தது. ஒன்றாம் தேதியைப் பற்றி மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் போகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அவள் ராத்திரியில் தூங்காமல் புரள்வது எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே அவருக்கு முடிவெட்டினேன். முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, பின்னால் நின்றுகொண்டு சொன்னேன்.

“மாமா, கடையில உங்களைப் பத்தி நான் பேசியிருக்கக் கூடாது. தப்புதான்.”

“பேசறதுன்னா பேசுங்க மாப்பிள்ளை. காது பக்கத்துல கத்திரிய வச்சுக்கிட்டுப் பேசாதீங்க” என்றார்.

நான் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அவர்தான் முதலில் சிரித்தார்.

மாதக் கடைசி நாளும் வந்தது. அன்று விடுமுறை, இருவரும் வீட்டில் இருந்தோம். பத்து மணிக்கு அவர் கட்டிலில் உட்கார்ந்து போனை எடுத்தார். போன் என்றால் எதிர்முனைக்கு நேரிலேயே கேட்கிற மாதிரிதான் பேசுவார். சமையலறையில் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே குரலை உயர்த்தினார்.

“நாளைக்கு வர்றதா இருந்தேனே, நான்தான் பேசறேன். வரல. அந்தக் கட்டிலை வேற யாருக்காவது கொடுத்துடுங்க.”

என் மனைவி கையில் இருந்த கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ.

“சண்டையெல்லாம் இல்லைங்க. எனக்கு ராத்திரியில படுக்கை நனைஞ்சிடும், சில நாளைக்கு. அத வீட்டுல சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுதான் உங்ககிட்ட வரலாம்னு இருந்தேன். என் பொண்ணு கண்டுபிடிச்சுட்டா. அவ மெஷின் ரிப்பேர் பண்றவ” என்று சொல்லி நிறுத்தி, “நல்லா பண்ணுவா” என்றார்.

போனை வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். மெஷின் நிற்க இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.