தபால்காரரின் பெல்லுக்கு ஒளிந்த அப்பா

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாசனை… திராட்சைக்கு மருந்தடிக்கிற நாளில் அப்பாவின் கை, வேட்டி, மீசை நுனி வரைக்கும் நீலமாக இருக்கும். பள்ளிக்கூடம் லீவென்றால் நானும் பந்தலுக்கடியில்தான் கிடப்பேன்.

பதினோரு மணிக்கு ரோட்டில் சைக்கிள் பெல் கேட்கும். தபால்காரர்.

அவ்வளவுதான்… அடித்துக்கொண்டிருந்த மருந்தை அப்படியே போட்டுவிட்டு அப்பா கடைசி வரிசைக்குப் போய்விடுவார். அத்தனை உயரமான மனுஷன், கொடிக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். கண்ணாமூச்சி என்று நினைத்து நான் சிரிப்பேன். அவர் சிரித்ததே இல்லை. பெல் சத்தம் திரும்பிப் போகிறவரை மூச்சுக்கூட மெதுவாகத்தான் விடுவார்.

பக்கத்து வீடு பெரியம்மா வீடு. அப்பாவின் அண்ணன் தங்கராசு, என் பெரியப்பா, பட்டாளத்துக்குப் போய் பங்களாதேஷ் சண்டையில் இறந்தவர். நான் பிறப்பதற்கு முன்னாலேயே. உடம்பு ஊருக்கு வரவில்லை. பெரியம்மாவுக்கு பென்ஷன் மணியார்டரில் வரும். அதற்குத்தான் அந்த சைக்கிள்.

பெரியப்பா படம் மாலையோடு மாட்டியிருந்தது. மற்ற வீட்டுப் படங்களில் பெயர், பிறப்பு, இறப்பு என்று எல்லாம் எழுதியிருக்கும். எங்கள் படத்தில் ஒன்றுமே கிடையாது. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். பேசாமல் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்திரு என்றாள் அம்மா.

ஆடி அமாவாசைக்குச் சுருளி அருவிக்குப் போவோம். தர்ப்பணம் கொடுக்கும்போது ஐயர், இறந்தவர் பெயரைக் கேட்பார். அப்பா ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாக 'தங்கராசு' என்பார். அருவிச் சத்தத்தில் ஐயருக்குக் கேட்காது. சத்தமாகச் சொல்லச் சொல்வார். அந்தச் சாரலிலும் அப்பாவுக்கு வேர்த்துவிடும்.

இதெல்லாம் எனக்கு விளங்கியது மூன்று வருஷத்துக்கு முன்னால்தான்.

பெரியப்பா எந்த ஊரில் இறந்தார், அவருக்கு யார் கொள்ளி வைத்தார்கள்… தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்கு. டீச்சர் புத்தி, எதையும் தோண்டாமல் விடாது. இன்டர்நெட்டில் லிஸ்ட் லிஸ்டாகப் பார்த்தேன். தங்கராசு என்று எங்கள் ஊர்க்காரர் யாருமே இல்லை. நான் வேலை பார்க்கிற ஊரில், எங்கள் தெருவில் ரிட்டயர்டு பட்டாளத்துக்காரர் ஒருவர் உண்டு, மாமா என்று கூப்பிடுவேன். அவரிடம் சொல்லிவைத்தேன். அங்கே இங்கே விசாரித்துவிட்டு, நான் அப்பா வீட்டுக்கு வந்திருந்த ஒருநாள் போன் பண்ணினார்.

"தங்கராசுன்னு ஆளே இல்லம்மா. உங்க ஊர்ல இருந்து அந்தச் சண்டையில இறந்தது ஒருத்தர்தான். பேரு முத்தையா."

முத்தையா என் அப்பா.

அப்பா எதிரில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். கேட்டேவிட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணே அஞ்சாப்பு தாண்டல ஆத்தா. நான் எட்டாப்பு பாஸு. பட்டாளத்துக்கு சர்டிபிகேட் வேணும்னு கேட்டாக… என்னோடத எடுத்துக் குடுத்தேன். கடுதாசில செத்தது நானு. உள்ளபடிக்குச் செத்தது அண்ணே."

வீட்டுக்கு வந்த தந்தியை எழுத்துக்கூட்டிப் படித்ததும் அப்பாதானாம். இறந்தவர் என்று போட்டிருந்த இடத்தில் தன் பெயர்…

உண்மையைச் சொன்னால் ஆள்மாறாட்டம் என்று கேஸ் வரும், பென்ஷனும் போகும். பெரியம்மாவுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. ஊருக்கே தெரியும், ஊர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் தபால்காரர் வெளியூர்க்காரர். செத்துப்போன முத்தையா வீட்டில் இன்னொரு முத்தையா யார் என்று அவர் கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தில்தான் அப்பா பந்தலுக்குள் ஒளிந்திருக்கிறார். அதே பயத்தில்தான் எந்த கவர்மென்ட் வேலைக்கும் எழுதிப்போடவில்லை.

பெரியம்மா பாடு இன்னும் மோசம். புருஷன் பெயரை வாயால் சொல்லாத காலத்து மனுஷி. ஆனால் யார் வந்து 'உன் வீட்டுக்காரர் பேர் என்ன' என்று கேட்டாலும், கொழுந்தன் பெயரைச் சொல்லி ரேகை வைக்கவேண்டும். ஆயுசு முழுக்க அப்படித்தான் வைத்தார்.

போன தை மாசம் அவரும் போய்ச் சேர்ந்தார். அதற்கு முந்தின நாள் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"அவுக பேர நான் ஒருநாளும் சொன்னதில்ல தம்பி. இனிமே எனக்கு என்ன வரப்போகுது… நீங்க எழுதிப்போடுங்க."

பென்ஷன் ஆபீசுக்குப் போட்டாயிற்று. 'இறந்தது தங்கராசு, முத்தையாவாகிய நான் உயிரோடு இருக்கிறேன்' என்று நான் எழுத, அப்பா கையெழுத்துப் போட்டார். கொடுத்த பென்ஷனைத் திருப்பிக் கேட்பார்களோ, எழுபத்தைந்து வயசில் மனுஷனைக் கோர்ட்டு, ஸ்டேஷன் என்று அலையவிடுவார்களோ… எனக்குத் தூக்கமே போய்விட்டது. கவரை ஒட்டுகிற வரைக்கும் வேண்டாம்ப்பா என்று கெஞ்சினேன். இதை உங்களுக்கு எழுதும்போதுகூட கை தயங்குகிறது. அப்பாதான் எழுது எழுது என்கிறார்.

"கேட்டா கேக்கட்டும். அண்ணே பேரு அங்கன இருக்கணும்."

இப்போது தபால்காரர் பைக்கில் வருகிறார். பெல் இல்லை, ஹார்ன்தான். பந்தலும் பாதிதான் மிச்சம். எனக்கு மே மாத லீவு, அப்பா வீட்டில்தான் இருக்கிறேன்.

பதினோரு மணி ஆனால் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போய்விடுகிறார். ஹார்ன் கேட்டதும் தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரிக்கிறார், முத்தையாவுக்கு ஏதும் வந்திருக்கா என்று.

நான்தான் அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.