மீனம்மா எடுக்கும் பெரட்டு

"பேனா இருந்தா குடுங்க" என்று வாசலிலேயே கையை நீட்டினார் மீனம்மா. "பென்சில் இருந்தா அதையும்."

என் சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள் இருந்தன. மேசையில் நான்கு. ஆறையும் வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, "எழுதுறவுங்க வீட்டுக்குப் போகத்தாங்க ஐயா எனக்குப் பயம். மூலைக்கு மூலை கெடக்கும்" என்றார். என் எழுத்தைக் கண்டு இதுவரை யாரும் பயந்ததில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. பிளக்கு ஒழுங்காக இறங்காவிட்டால், மேல் துளையில் பேனாவைக் குத்திக் கீழ்த் துளைகளைத் திறக்கவைத்துத் திணிப்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வித்தை. மீனம்மா ஒரு வீட்டில் கால் வைத்ததும், உதவி செய்கிறேன் பேர்வழி என்று யாராவது ஒருவர் பேனாவோடு ஓடி வருவார். ஆகவே முதலில் பேனா, அடுத்து தீப்பெட்டி. பிளக்கே இல்லாமல் வயர் முனையைச் சொருகித் தீக்குச்சியால் இறுக்குகிற கூட்டமும் இருக்கிறது.

மஸ்கெலியா டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் சுவரில் துளை போட வேண்டுமென்றால் மீனம்மாவுக்குத்தான் ஆள் போகும். வயது நாற்பத்தெட்டு. பதினேழு வருடம் கொழுந்து பறித்தவர். இப்போது நீண்ட வயர் வைத்த ஹேமர் ட்ரில் ஒன்றைச் சாக்குப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறார். ஊரார் அதை 'மிஷின்' என்கிறார்கள். மீனம்மா 'இவரு' என்பார். நான்கு துளைக்கு ஒரு முறை நிறுத்தி, "இவருக்குக் கொஞ்சம் சூடு ஆறட்டும்" என்று தரையில் வைத்து, முந்தானையால் விசிறிக்கூட விடுவார். தாலி கட்டின கணவர் செல்லசாமியைப் பற்றிப் பேசும்போது மட்டும், "அது வீட்டுல தூங்குது" என்பார்.

'இவரு' குவைத்திலிருந்து வந்தவர். மீனம்மா அங்கே மூன்று வருடம் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். அந்த வீட்டு முதலாளிக்குத் தானே சுவரில் துளை போடும் ஆசை. ஒரு வெள்ளிக்கிழமை, சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாயிலேயே போட்டுவிட்டார். தண்ணீர் கூரை வரைக்கும் பீய்ச்சியடித்தது. வீடே ஆளுக்கொரு பக்கம் ஓடியபோது, ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கிய ஒரே ஆள் மீனம்மா. ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது, இது என் கண்ணிலேயே படக்கூடாது என்று சொல்லி முதலாளி அதை அவர் பெட்டியில் வைத்துவிட்டார். கட்டுநாயக்க விமான நிலையத்தில் மற்றப் பெண்களின் பெட்டிகளில் கம்பளியும் பால்மாவும் வாசனைச் சவர்க்காரமும் இருந்தன. மீனம்மாவின் பெட்டியைத் திறந்த அதிகாரி, "மே மொக்கத?" என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார், இது என்ன என்று. "மகே ரஸ்ஸாவ" என்றாராம் இவர். என் உத்தியோகம். அதுவரை ஒரு துளைகூடப் போட்டதில்லை.

வேலைக்கு முன் அவர் தயாராவதைப் பார்க்க வேண்டும். வளையல்களைக் கழற்றுவார். தாலிச் சரட்டை ரவிக்கைக்குள் போட்டு ஊக்குக் குத்துவார். கொண்டையை இறுக்கித் துணி கட்டுவார். சேலை பறக்காமல் இருக்க, கொழுந்துக்குப் போன காலத்துப் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொள்வார். காதில் பஞ்சு, மூக்கில் கொரோனாக் காலத்து முகக்கவசம், கண்ணில் மோட்டார் சைக்கிள்காரர்கள் போடும் பெரிய கண்ணாடி. இந்தக் கோலத்தில் ஒரு கல்யாண வீட்டில் நுழைந்து, மாப்பிள்ளையின் தாயார் மயங்கி விழுந்ததாக ஒரு கதை உண்டு. கேட்டால், "மயங்கல, உக்காந்தாங்க" என்பார்.

எனக்குப் புத்தகத் தட்டு அடிக்க வந்த அன்று நல்ல குளிர். விரல் விறைக்குமே என்று என் கம்பளிக் கையுறையைக் கொடுத்தேன். அதை ஒரு செத்த எலியை வாங்குகிற மாதிரி நுனியில் பிடித்து அப்பால் வைத்தார். "நூலு சுத்திக்கிச்சுன்னா கையுறை மட்டும் போவாது ஐயா, வெரலும் சேந்து போவும்." மிஷின் முனையில் சுழலும் பிட்டைக் கழற்றி மாட்டுகிற சாவியைப் பிளக்குக்குப் பக்கத்திலேயே வயரில் கட்டி வைத்திருக்கிறார். சாவி வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். பிட்டில் இரண்டு அங்குலத்தில் சிவப்பு டேப். அதற்கு மேல் சுவருக்குள் போகாது. சுவிட்சுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் அரசாங்கமே சொன்னாலும் துளை போட மாட்டார். மழையில் நனைந்த காலோடு மிஷினைத் தொட மாட்டார். இங்கே மழை இல்லாத நாள் எது? ஆகவே எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் பதினைந்து நிமிடம் அடுப்பங்கரையில் கால் காய வைப்பார். அதற்குள் ஒரு தேத்தண்ணி வந்துவிடும்.

இத்தனையும் ஒரு பக்கம். மீனம்மாவை மீனம்மாவாக ஆக்கியது பெரட்டு. காலையில் தோட்டத் தொழிலாளரை ஒரு களத்தில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுப்பதற்கு இங்கே பெரட்டு என்று பெயர். மீனம்மா வீட்டுக்கு வீடு பெரட்டு எடுப்பார். வீட்டில் இருக்கிற எல்லோரும் அவர் கண்ணுக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். யாருக்காகத் துளையோ அவர்தான் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட ஆள் வாய் திறந்து "இருக்கேன்" சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. முன்பு டயகமவில் ஒரு வீட்டில் பிட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு நல்ல மனிதர் "அக்காவுக்குக் கரண்டு போயிருச்சு போல" என்று பிளக்கைக் குத்தி சுவிட்சைத் தட்டிவிட்டார். மீனம்மாவின் இடது கட்டைவிரல் நகம் அன்றோடு போனது. அதிலிருந்து பெரட்டு. டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் லாபிர் நானா, கடைக்கு ஒரு தட்டு அடிக்கப்போய், ஆணி வாங்க வந்த ஒன்பது பேரையும் பெயர் கேட்டுக் கூப்பிட வேண்டியதாயிற்று.

போன மாதம் மேல் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒன்றுக்குப் போன மீனம்மாவோடு நானும் தொற்றிக்கொண்டேன். கூப்பிட்டனுப்பியவர் அழகுமுத்து. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தே வாழ்ந்த மனிதர், பீலியில் தண்ணீர் பிடிக்கப்போய்ப் பாசியில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஒப்பரேஷன் ஆகி மூன்று மாதம். நிறுத்திவிட்டால் கம்பு ஊன்றி நடப்பார். கட்டிலிலிருந்து எழும்பத்தான் முடியாது. மனைவி அழகம்மா தூக்கி நிறுத்த வேண்டும். அழகம்மாவோ ஏழு மணிக்கு மலைக்குப் போனால் பகல் சாப்பாட்டுக்குத்தான் வருவார். அதனால் அழகுமுத்து காலையில் ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிப்பதில்லை. குடித்தால் எழும்பிப் போக வேண்டி வரும். இதை அவர் சொல்லவில்லை. அழகம்மா வெளியே என்னை நிறுத்திச் சொன்னார். தேயிலை மலையில் பிறந்தவர் தேத்தண்ணியை மறந்து கிடந்தார்.

கட்டிலுக்குத் தலைமாட்டில் ஒரு கைபிடிக் கம்பி இருந்தால் தானே எழும்பிவிடுவார். கம்பி வாங்கி வைத்திருந்தார்கள். அறையில் மற்ற மூன்று பக்கமும் பலகையும் தகரமும். கம்பி தாங்கக்கூடியது நடுச்சுவர் ஒன்றுதான். அங்கேதான் சிக்கல். அது முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம். அந்தச் சுவருக்கு மறுபக்கம் முத்துலிங்கத்தின் வீடு. இரண்டு பேரும் பேசி ஆறு வருடம்.

சண்டைக்கும் காரணம் ஒரு துளைதான். முத்துலிங்கம் எவனோ ஒருவனைக் கூட்டிவந்து டிவி மாட்ட, பிட்டு சுவரைத் தாண்டி வந்து, அழகுமுத்து வீட்டுக் காலண்டர் முருகனின் நெற்றியில் எட்டிப் பார்த்தது. பதறிப்போய் அழகுமுத்து கேட்கப்போனபோது, "அப்பனுக்கு நெத்திக்கண்ணு இருக்கலாம், மகனுக்கு இருக்கக்கூடாதா?" என்று முத்துலிங்கம் சிரித்துவிட்டார். இனி உன் பேரைச் சொன்னால் என் நாக்கு அழுகட்டும் என்று அழகுமுத்து வாசலில் நின்று சத்தியம் செய்தார். அன்று மாலையே முருகனின் நெற்றியில் விபூதி பூசித் துளையை மூடினார்கள்.

மீனம்மா சுவரைத் தட்டிப் பார்த்தார். கால் காய்ந்திருந்தது. பேனா, தீப்பெட்டி எல்லாம் வாங்கியாயிற்று. நானும் அழகம்மாவும் வரிசையில் நின்று "இருக்கேன்" சொல்லிவிட்டோம்.

"அந்தப் பக்கம் யாரு?"

"ஆளு இருக்கு" என்றார் அழகுமுத்து.

"ஆளுக்குப் பேரு இல்லையா?"

"இருக்கு. எனக்கு வாயில வராது. நீங்க போடுங்க. சிவப்பு டேப்பு ஒட்டியிருக்கீங்கல்ல, தாண்டவா போவுது?"

"செங்கல்லு பழசுங்க. நான் ரெண்டு இஞ்சுல நின்னாலும் அந்தப் பக்கம் அது பாட்டுக்குப் பேந்து விழும். அவுங்க அங்கன எங்க உக்காருவாங்க?"

அழகுமுத்து யோசிக்கவே இல்லை. "சரியா இந்தக் கம்பிக்கு நேரா. சுவத்துல முதுகை வச்சுத்தான் பகல் பூரா டிவி பாக்குறது. இப்பக்கூட அங்கதான் இருக்கு. இருமல் கேக்குதுல்ல?" என்றார். ஆறு வருடம் பேசாதவருக்கு அந்த வீட்டு நாற்காலியின் இடம் அங்குலக் கணக்கில் தெரிந்திருந்தது.

மீனம்மா பிளக்கைப் பிடுங்கினார். வயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

"நான் ஓடிப்போய்ச் சொல்லிட்டு வந்துர்றேங்க்கா" என்றார் அழகம்மா.

"யாருக்கு ஓட்டையோ அவுங்கதான் கூப்பிடணும். பெரட்டுல சிபாரிசு கெடையாது."

நான் தொண்டையைச் செருமினேன். "ஐயா, உங்களுக்கு இன்னும் பேனா திருப்பிக் குடுக்கல" என்றார் மீனம்மா. நான் வாயை மூடிக்கொண்டேன்.

வயர் பாதி சுற்றியாயிற்று. அழகுமுத்து கம்பியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு யாரையோ திட்டுகிற மாதிரி, "லிங்கம்" என்றார்.

மறுபக்கத்தில் டிவிச் சத்தம் மெல்லக் குறைந்தது.

"முழுப் பேரு" என்றார் மீனம்மா.

"முத்துலிங்கம்."

"என்னா? சரியா வெளங்கல. இன்னொருக்கா சொல்லு" என்றது சுவர்.

அழகுமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்தது. "டேய், முத்துலிங்கம்! காது செவிடாப் போச்சா?"

"இருக்கேன்டா, இருக்கேன்! நாற்காலிய எப்பவோ நகத்தியாச்சு. ஒன் பொஞ்சாதி கம்பி வாங்குன அன்னைக்கே நகத்தியாச்சு!"

மீனம்மாவின் முகக்கவசத்துக்குள் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. கண்ணாடி மட்டும் கொஞ்சம் மேலே ஏறியது. "அண்ணே, சுவத்தையே பாருங்க. பொடி உதிந்தா கத்துங்க. கிட்ட வராதீங்க" என்று சுவரிடம் சொல்லிவிட்டு, பக்கக் கைப்பிடியை இறுகப் பிடித்து, காலை அகட்டி நின்று மிஷினை ஓட்டினார். லயமே அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்கு மேலே முத்துலிங்கம் கிரிக்கெட் வர்ணனை செய்தார். "ஒண்ணும் இல்ல... ஒண்ணும் இல்ல... இன்னும் ஒண்ணும் இல்ல... லேசா பொடி! ஆ, பொடி!" மீனம்மா உடனே விசையை விட்டார். அந்த ஒரு துளையை மட்டும் இரண்டு விரல் தள்ளிப் போட்டார்.

நான்கு துளைகள். பொடியை ஊதாமல் பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டி எடுத்து, பிளாஸ்டிக் குச்சிகளை இறக்கி, திருகாணி முறுக்கினார். எல்லாம் முடிந்ததும் படங்கை அவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கித் தொங்கினார். நாற்பத்தெட்டு வயதுப் பெண் கம்பியில் தொங்குவதை அழகம்மா வாயைப் பிளந்து பார்த்தார். கம்பி அசையவில்லை.

"இப்ப நீங்க. யாரும் தொடாதீங்க."

அழகுமுத்து வலது கையைக் கொடுத்தார், பிறகு இடது கை. முதல் தடவை இடுப்பு கட்டிலை விட்டு ஒரு சாண் எழும்பி மறுபடி உட்கார்ந்துவிட்டது. அழகம்மாவின் கை தானாக நீண்டது. மீனம்மா குறுக்கே நின்றார். இரண்டாவது தடவை பல்லைக் கடித்து இழுத்தார். முழங்கால் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே நிமிர்ந்தார். நின்றார். யாரும் பிடிக்காமல், மூன்று மாதத்தில் முதல் தடவையாக, தானாக நின்றார். என் கண் கலங்கியதைச் சுவர்ப் பொடியின் தலையில் போட்டேன்.

மறுபக்கத்தில் டிவி நின்றுபோயிருந்தது.

"என்னா, எந்திரிச்சியா இல்லையா?" என்று சுவர் கேட்டது.

சொல்லிவிட அழகம்மா ஆசையாய் வாயெடுத்தார். மீனம்மா எட்டி, செங்கல் பொடி படிந்த தன் உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்திவிட்டு, அழகுமுத்துவைப் பார்த்தார்.