என் குரலை வாங்கி வரப் போன நாள்

கொரோனா வருவதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்தது இது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பக்கம் உள்ளடங்கி இருக்கிறது எங்கள் ஊர். பெயர் வேண்டாம், நான் இன்னமும் அங்கேதான் கறிக்கடைக்கும் மாவுமில்லுக்கும் போய் வர வேண்டியிருக்கிறது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். கதையே அவள் கல்யாணத்தைப் பற்றியதுதான் என்பதால் நடுநடுவே பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள்.

குடியுரிமைச் சட்டம் என்று ஒன்று வந்து, பாட்டன் முப்பாட்டன் சீட்டெல்லாம் கேட்பார்கள் என்று பேச்சாகிக் கிடந்த சமயம். ஊர் ஊராகப் பந்தல் போட்டு எங்கள் ஜனங்கள் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊரிலும் பள்ளிவாசலுக்கு எதிரே பந்தல். பெண்கள்தான் முன்னால் உட்கார வேண்டும் என்று கமிட்டியில் முடிவு செய்துவிட்டார்கள். காலமெல்லாம் பின்னாலேயே இருந்து பழகியவர்கள் நாங்கள். திடீரென்று முன்வரிசையில் பாய் விரித்தால் காலை எந்தப் பக்கம் நீட்டுவது என்றே தெரியவில்லை.

எனக்கு முட்டிவலி வேறு. தரையில் உட்காரவே கூடாது என்று பெரம்பலூர் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டேன். "டிவிக்காரங்க வந்தா நீங்க மட்டும் ஒசரமாத் தெரிவீங்க ராத்தா" என்று சொல்லிவிட்டார்கள். ராத்தா என்றால் எங்களில் அக்கா. ஆக, தினமும் தரைதான். வெயில், கோஷம், ஆறிப்போன டீ. முதல் இரண்டு நாள் திருவிழா மாதிரி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் எப்போது எழுந்திருக்கலாம் என்பதே நினைப்பாகிவிட்டது.

கொஞ்ச தூரம் தள்ளி பஸ் ஸ்டாப்பில், அந்தச் சட்டம் வேண்டும் என்கிறவர்கள் மேடை போட்டிருந்தார்கள். நடுவில் போலீஸ் இரும்புத் தடுப்பு. அவர்கள் ஸ்பீக்கர் எங்கள் பக்கம் பார்த்துக் கத்தும், எங்கள் ஸ்பீக்கர் அவர்கள் பக்கம் பார்த்துக் கத்தும். நடுவில் இருந்த டீக்கடைக்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வியாபாரம் பார்த்தார்.

இப்போது நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிவாசலில் ஒரு நீள நோட்டு உண்டு. ஊரில் இருக்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு தலைக்கட்டு என்று, வீட்டு ஆம்பளை பெயரில் அதில் எழுதுவார்கள். ஆம்பளை இல்லாத வீட்டை எழுத மாட்டார்கள். யாரும் சட்டம் போடவில்லை, வழக்கம் அப்படி. என் வீட்டுக்காரர் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்ததும் எங்கள் தலைக்கட்டை என் மகன் பெயருக்கு மாற்றினார்கள். அவன் சவுதியில் இருக்கிறான், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போவான். அவன் ஊர்க்காரன். இந்த மண்ணைத் தாண்டாத நான் நோட்டில் இல்லை. அடுத்த சந்தில் இருக்கிற என் மகளைப் புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவள் வீடும் நோட்டில் இல்லை.

அதுவரை எனக்கு அது உறைத்ததே இல்லை. பேத்திக்கு லப்பைக்குடிக்காட்டில் மாப்பிள்ளை அமைந்தபோதுதான் உறைத்தது. பெண் எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்தவள்தான் என்று எங்கள் பள்ளிவாசலில் ஒரு லெட்டர் கொடுத்தால்தான் அங்கே நிக்காஹ் எழுதுவார்கள். எங்கள் கமிட்டியில் போய் நின்றால், "பொண்ணு எந்தத் தலைக்கட்டு?" என்று கேட்டார்கள். தகப்பன் எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியாது. இன்று நாளை என்று இழுத்தார்கள். என் மகள் ராத்திரியில் தூங்குவதில்லை. நிக்காஹுக்கு இன்னும் பத்தே நாள்.

அந்த நேரத்தில்தான் என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். மற்ற பெண்களுக்கு என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு எழுதிக் கொடுத்துப் புண்ணியமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

"நான் பொறந்ததுக்குச் சீட்டு கெடையாது. எங்க தெருக் கெணறு வெட்டுன வருசம் பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும். கெணறு அங்கனயேதான் இருக்கு, போயிப் பாத்துக்கங்க. என்னையப் பெத்த அத்தா காட்டுல வெளஞ்ச வெங்காயத்தத் தின்னவங்க அந்தப் பக்கமும் ஒக்காந்திருக்காங்க. என்னைய யாருன்னு கேக்காதீங்க."

கைதட்டு என்றால் அப்படியொரு கைதட்டு. அதோடு உட்கார்ந்திருக்கலாம். கைதட்டைக் கேட்டால் வாய் நிற்குமா?

"இன்னொண்ணு. கவர்மென்ட்டு நம்மள எண்ண மாட்டேங்குதுன்னு வெயில்ல ஒக்காந்திருக்கோம். நம்ம பள்ளிவாசல் நோட்டுல என் பேரு இருக்கா? என் மக பேரு இருக்கா? நீங்க எங்கள எண்ணுனீங்களா?"

மைக் செத்துவிட்டது. கரண்ட் போய்விட்டது என்றார்கள். பந்தலில் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம், பந்தலில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கிறேன், பஸ் ஸ்டாப் ஸ்பீக்கரில் என் குரல்! "நீங்க எங்கள எண்ணுனீங்களா?" யாரோ போனில் எடுத்ததை அவர்கள் போட்டுவிட்டார்கள். கிணறு இல்லை, வெங்காயம் இல்லை, கடைசிப் பாதி மட்டும். திரும்பத் திரும்ப. நடுவில் ஒருத்தர், "அவங்க வூட்டுப் பொம்பளையே கேக்குது பாருங்க!" என்கிறார். என் குரல் அவ்வளவு கீச்சென்று இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

பந்தல் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. "இதுக்குத்தான் பொம்பளைங்க கையில மைக்கக் குடுக்காதீங்கன்னேன்" என்றார் ஒரு பெரியவர். கமிட்டித் தலைவர், முத்தவல்லி என்போம், கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார்: "சந்தோஷமா ராத்தா? நம்ம வூட்டுச் சண்டைய அவங்க கையில எடுத்துக் குடுத்துட்டீங்களே."

அவர் சொன்னதும் பொய்யில்லையே. ஆனால் நான் கேட்டதும் பொய்யில்லை. பக்கத்தில் மகள், "லெட்டரு போச்சும்மா" என்று முக்காட்டில் முகத்தை மூடிக்கொண்டாள்.

எழுந்தேன். எழுந்திருக்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. தடுப்பு வரைக்கும் நடந்தேன். பெண் போலீஸ் ஒன்று மறித்தது.

"எங்கம்மா போறீங்க?"

"என் கொரலு அங்கன இருக்கு. வாங்கிட்டு வரப் போறேன்."

அந்தப் பெண் தடுப்பைச் சற்று விலக்கி, என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

மேடைப் பொறுப்பில் இருந்தவனை எனக்குத் தெரியும். அவன் அம்மாவும் நானும் ஒரே வாரத்தில் ஒரே ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்கள். "வாங்கம்மா, மொதல்ல ஒக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். பதிமூன்று நாளில் எனக்குக் கிடைத்த முதல் நாற்காலி. அங்கே போயா கிடைக்க வேண்டும்!

"நீங்க பேசுனதத்தாம்மா போட்டோம். ஒரு வார்த்த சேக்கல."

"சேக்கலப்பா. வெட்டிட்டீங்க. மொத்தத்தையும் போடு."

"அது எங்களுக்கு எதுக்கும்மா?"

"அப்ப இது மட்டும் எதுக்கு? என் பேத்திக்கு லெட்டரு வாங்கிக் குடுக்கப் போறியா?"

அவன் கையைக் காட்டினான், ஸ்பீக்கர் நின்றது. மைக்கைக் கொடு, மிச்சத்தை நானே சொல்கிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே, "அது மட்டும் முடியாதும்மா" என்றான்.

திரும்பி வருகிற வழியில் பெண் போலீஸ் கேட்டாள், "குடுத்தாங்களாம்மா?"

"பாதி" என்றேன்.

பந்தலில் யாரும் என்னோடு பேசவில்லை. என் இடத்தில் உட்காரப் போனபோது, மூலையில் இருந்து ஒரு விதவைப் பெண், வாயே திறக்காதவள், எழுந்து நின்றாள். "எங்க வூடும் நோட்டுல இல்ல" என்றாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் வேறொருத்தி. மொத்தம் ஏழு பேர். மைக் இல்லை, கைதட்டு இல்லை. முத்தவல்லி தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்தார். பாவம், அவரும் இத்தனை நாளாக நின்றுகொண்டே இருந்தவர்தான்.

"வெளியிலயும் அடி, உள்ளயும் அடி. பந்தலப் பிரிக்கட்டும் ராத்தா, பாத்துக்கலாம்" என்றார். பார்த்துக்கலாம் என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டே எனக்கு வயசாகிவிட்டது. நான் நம்பவில்லை.

ஆனால் நிக்காஹுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆள் அனுப்பினார். லெட்டர் தயாராக இருந்தது. நோட்டையும் திறந்து படித்துக் காட்டினார். என் மகள் பெயர், அதற்குக் கீழே அந்த ஏழு பேர். என் பெயர் இல்லை. எனக்குத்தான் மகன் இருக்கிறானே, சவுதியில். சரி, மகள் பெயராவது வந்ததே என்று நான் பூரித்துப்போய் நிற்கிறேன், பேத்தி குனிந்து பார்த்துவிட்டு என் காதில், "நன்னி, பென்சில்ல எழுதியிருக்கு" என்றாள்.

"கமிட்டி கூடி முடிவு பண்ணிட்டா பேனால எழுதிரலாம்" என்றார் முத்தவல்லி.

அப்புறம் கொரோனா வந்தது, பந்தலைப் பிரித்தார்கள், இவளும் புகுந்த வீடு போனாள். கமிட்டி எத்தனையோ தடவை கூடியிருக்கிறது. அந்தப் பேச்சு மட்டும் வரவில்லை. எலெக்ஷன் வந்தால் என் பாதிக் குரல் இன்னும் யார் போனிலாவது வந்துவிடுகிறது. மீதிப் பாதியை எங்கே போய்த் தேட?

பெருநாளுக்குப் பெருநாள் பேத்தி வரும்போது அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளிவாசல் ஆபீஸ் வாசலில் போய் நிற்பேன். நோட்டைத் திறந்து காட்டுவார்கள். "இருக்கு நன்னி, கொஞ்சம் மங்கியிருக்கு" என்பாள். முட்டி முன்னைவிட மோசம், எனக்கும் அலுத்துத்தான் போய்விட்டது. ஆனாலும், சர்க்கார் எண்ணுகிறதோ இல்லையோ, ஊர் எண்ணுகிறதோ இல்லையோ, அந்தப் பென்சில் எழுத்து அழிந்துவிட்டதா என்று பார்க்க நடக்கிற அந்த நடையை மட்டும் நான் விடுவதாக இல்லை.