கண்ணாடி பிடித்த தாவூத் பாய்

தாவூத் பாய் போய்ட்டார்.

மூன்று நாள் காய்ச்சலாம். நேற்று ஜும்மா தொழுகை முடிந்ததும் அடக்கம் செய்துவிட்டார்கள். எனக்கு இன்று காலையில்தான் தெரிந்தது... ஒரே ஊர், இரண்டே தெரு தள்ளி.

ஆம்பூர் டென்ட் கொட்டகைக்கு வருகிற தோஸ்துகளே, அதனால்தான் டிக்கெட் ஜன்னல் பக்கத்துப் பலகையில் இந்தத் தாளை ஒட்டியிருக்கிறேன். பழைய படத்து நோட்டீஸ் என்று நினைத்துக் கிழித்து, பகோடா மடிக்க வேண்டாம். கீழே இடம் விட்டிருக்கிறேன், அவரைத் தெரிந்தவர்கள் எழுதலாம்.

தோல் மண்டியில், முடி உதிரத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழி வேலை அவருக்கு. தோலோடு காலம் தள்ளியவர், தோல்வியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

நான் ஆறு வயதிலிருந்து துண்டு பிலிம் சேர்க்கிறவன். ஆபரேட்டர் வெட்டிப் போடுவது, ஓடும்போது அறுந்து விழுவது... எல்லாம் என் பிஸ்கட் டின்னுக்குள். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடம் ஏறவில்லை, படம்தான் ஏறியது.

அதைப் பார்க்க இரண்டு ஆள் வேண்டும். தாவூத் பாய் வாசல் வெயிலில் நின்று, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெளிச்சத்தை வீட்டுக்குள் திருப்புவார். இருட்டு அறையில் நான் பிலிமையும் பூதக்கண்ணாடியையும் பிடிப்பேன். சுவரில் தொங்கும் வேட்டியில் படம் விழும்.

சூரியன் நகர நகர அவர் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே நிற்கிற அவருக்குப் படம் தெரியாது.

"இன்னாடா தெரியுது?"

"ராஜா யானை மேல வர்றாரு பாய்."

"அரே! எத்தினி யானை?"

"எண்ண முடியல பாய். ஜாஸ்தி!"

வேட்டியில் இருந்தது ஒரு மூடிய கதவு. வெறும் கதவு.

ஒருநாள் பிடிவாதமாக இடம் மாற்றிக்கொண்டு அவர் உள்ளே போனார். அதற்கென்றே நான் ஒரு கதாநாயகிக்குக் குண்டூசியால் மீசை கீறி வைத்திருந்தேன்.

"அடப்பாவி! பொம்பளைக்கு மீசையாடா? பாவம்டா!"

அப்புறம் ஒரு சிரிப்பு... அந்த ஒரு துண்டை விட்டு அவர் நகரவேயில்லை. வெளியே எனக்குக் கை கழன்றுவிட்டது.

போன மழைக்கு வீடு ஒழுகி, டின்னுக்குள் சேறு புகுந்துவிட்டது. ஒன்பது வருடச் சேகரிப்பு. நான் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

"இதுக்குப் போயி பேஜார் ஆவுறியே. குடு, நான் பாத்துக்கறேன்" என்று டின்னோடு வாங்கிப் போனார்.

மறுநாள் கொண்டுவந்தார். முகமெல்லாம் பல்.

"பாரு தோஸ்த். கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன்."

கண்ணாடி மாதிரியேதான் இருந்தது. ஒரு துண்டில்கூடப் படம் இல்லை.

"பாய்... படம் எங்க?"

ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"சுண்ணாம்புத் தண்ணியில ஊறப்போட்டேன்டா. எவ்ளோ அழுக்குத் தோலும் வெளுத்துடும்... அதுல முடி தான போவும். படமும் போவுமா?"

"இனிமே என் மூஞ்சியில முழிக்காத" என்றேன். அப்பா வயது ஆளிடம்.

அதோடு எல்லாம் விட்டுப்போனது. கொட்டகைப் பக்கமே நான் வரவில்லை. ஊரெல்லாம் பேசும் படம் பேசும் படம் என்று பேச்சு, நான் ஊமைப் படமாக வீட்டில் கிடந்தேன். ஆபரேட்டர் கூப்பிட்டுக் கொடுத்த துண்டைக்கூட வாங்கவில்லை.

மண்டிக்கு வெள்ளிக்கிழமை லீவு. வெள்ளிக்கு வெள்ளி எங்கள் ஜன்னல் கம்பியில் ஒரு துண்டு பிலிம் செருகியிருக்கும். யார் வேலை என்று தெரியும். பார்க்காமலே டின்னில் போட்டு மூடுவேன்.

ஒரு வெள்ளி ஜன்னலுக்கு வெளியே குரல் கேட்டது. "தோஸ்த்... வெயில் நல்லா இருக்குது."

கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அவரும் கொஞ்ச நேரம் நின்றார். போய்ட்டார்.

நேற்றும் வெள்ளி. ஜன்னல் காலி. எனக்கென்ன என்று இருந்தேன்... நான்கு தடவை பார்த்தேன்.

இன்று காலை மண்டி ஆள் ஒருவரைத் தெருவில் மடக்கி விசாரித்தேன். "பாயா? நேத்தே மண்ணு போட்டாச்சே. உன்னாண்ட யாரும் சொல்லலியா?"

வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தேன். பதினேழு துண்டு. முதல் துண்டை வானத்துக்கு எதிரே பிடித்தேன்.

ராணி. ராணிக்கு மீசை.

அடுத்தது நாட்டியக்காரி, முறுக்கு மீசை. அதற்கடுத்தது தோழி, அரும்பு மீசை. பெண் கிடைக்காத ஒரு துண்டில் குதிரைக்கு வைத்திருந்தார். சுண்ணாம்பு அரித்த விரல் அவருக்கு, குண்டூசி பிடிக்கவே வராது. கோடெல்லாம் கோணல்.

சிரித்தேன். தனியாக உட்கார்ந்து, வயிறு வலிக்க. இத்தனை மாதம் கழித்துக் கை தானாகப் பூதக்கண்ணாடியைத் தேடியது.

வேட்டியைத் தொங்கவிட்டேன். வாசலில் செங்கல் வைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துவிட்டு உள்ளே ஓடினேன். ராணி வந்தாள், மீசையோடு, சுவர் அகலத்துக்கு.

கொஞ்ச நேரம்தான். மெல்ல மேலே ஏறினாள், உத்தரத்தைத் தொட்டாள், போய்ட்டாள். வெளியே ஓடிக் கண்ணாடியைத் திருப்பிவிட்டு வருவேன்... மறுபடி ஏறிப் போவாள். சாயங்காலம்வரை இதே ஓட்டம்.

பாய், அன்றைக்கு யானை ஒன்றுகூட இல்லை. பொய் சொன்னேன்.

வெயில் இன்றைக்கும் நல்லாத்தான் இருந்தது, பாய்.