புது டாட்டும் என் ஓட்டை வாயும்

எனக்கு ஓட்டை வாய் என்பது உங்களுக்குப் புதிதல்ல. சென்ற சனிக்கிழமை அந்த வாய் ஒரு பெண்ணின் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தது!

அஸ்தினாபுரத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் பியூலா. காட்டாங்குளத்தூரில் எம்.சி.ஏ. முடித்தவள். வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, வெப்சைட் செய்து தருகிறேன் என்று கிளம்பியிருக்கிறாள். ஆறு மாதமாக ஒரு ஆர்டர்கூட இல்லை. அப்பா ஜெபராஜ் கெடு வைத்துவிட்டார் — கிறிஸ்துமஸுக்குள் ஒன்றாவது வரவேண்டும். இல்லாவிட்டால் கடையைக் கட்டிவிட்டு, அவர் வேலை பார்க்கும் பள்ளியிலேயே டீச்சராகச் சேர வேண்டும்.

கடைசி நம்பிக்கை, பொழிச்சலூரில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் கஜபதி. அமெரிக்க மாப்பிள்ளைகள் மண்டபத்தைக் கம்ப்யூட்டரிலேயே பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"தனியாப் போகப் பயமா இருக்கு அங்கிள். கூட வாங்க. நீங்க எதுவும் பேச வேணாம்" என்றாள் பியூலா.

பேச வேண்டாமாம்... என்னிடம்!

சிக்கல் என்னவென்றால், மண்டபத்தின் பெயரில் டாட் காம் முகவரியை எவனோ முன்பே வாங்கிவிட்டான். ஏதோ ஒரு குட்டித் தீவு நாடு, இன்டர்நெட் முகவரியின் கடைசியில் போட்டுக்கொள்ளத் தனக்கென்று கொடுத்த இரண்டெழுத்து வாலை இப்போது ஊருலகத்துக்கெல்லாம் விற்கிறதே — பியூலா பிடித்து வைத்திருந்தது அந்தப் புது டாட்டை.

மண்டபத்தில் விஷயத்தைக் கேட்டதும் கஜபதி முகம் சுளித்தார். "இன்னாம்மா இது? டாட் காம் இல்லாம மொட்டையா கீது?"

"இப்பதான் விக்க ஆரம்பிச்சிருக்காங்க சார். உங்க மண்டபம் பேர் அப்படியே கிடைக்கும்."

நான் சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? "ஆமா சார், பேப்பர்லகூட கிழிகிழின்னு கிழிக்கறாங்க! நாட்டோட பேரைக் கடைபோட்டு விக்கலாமான்னு ஒரே சண்டை. நாளைக்கே தீவுக்காரன் மனசு மாறினா, அட்ரஸ் அம்போவாம்!"

பியூலா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் அவள் பொய் சொல்லவில்லை. "அங்கிள் சொல்றது நிஜம்தான் சார். டாட் காம் அளவுக்கு உறுதி கிடையாது" என்றாள்.

தலைக்கு மேலே ஒரு விமானம் பக்கத்து ஏர்போர்ட்டுக்கு இறங்கியது. அது கடந்து போகும்வரை யார் பேசினாலும் கேட்காது.

"அல்லாரும் வேணாங்கறானா?" என்றார் கஜபதி.

"ஆமா சார்" என்றேன், ஈனஸ்வரத்தில்.

"இந்த எடத்தை வாங்கசொல்லோ எனக்கும் இதையேதான் சொன்னானுங்க. 'பிளேன் சத்தத்துல கெட்டிமேளமே கேக்காது, எவன் வருவான்'னு. இப்பவே வர்ற தை மாசத்துல ஒரு முகூர்த்தம் காலி இல்ல! அவனவன் வேணாங்கசொல்லோதான் சார் வாங்கிப் போடணும். நீ வேலைய ஆரம்பிம்மா. என் மச்சான் கடைக்கும் ஒண்ணு போடு!"

யோசித்துப் பாருங்கள். 'அங்கெல்லாம் மனுஷன் இருப்பானா?' என்று ஊரே கேட்ட இந்தப் புறநகரில்தானே நீங்களும் நானும் வீடு கட்டிக் குடியிருக்கிறோம்? நாலு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், நமக்கு அது கட்டாயம் வேண்டும்.

ஜெபராஜ் இப்போது பள்ளிக்கூடப் பேச்சை எடுப்பதில்லை. நேற்றுக் காலை பியூலா வந்து எங்கள் கதவைத் தட்டினாள்.

"அங்கிள், பம்மல்ல ஒரு பார்ட்டி யோசிக்கறாரு. கொஞ்சம் கூட வந்து திட்டிட்டுப் போறீங்களா?"