கஞ்சிங் அருவியில் தொலைந்த டோக்கன்

வாசகசாலை நண்பர்களே, கஞ்சிங் அருவிக்குப் போய் இப்போதுதான் வந்தேன். கால்சட்டை இன்னும் காயவில்லை.

செந்தூல் ரயில் பட்டறை ஆட்கள் நாங்கள் நான்கு பேர். கூடவே ஸ்டேசன் மாஸ்டர் தம்பையா. அட்டைக்கடியோடு காட்டில் ஏறி அருவியை நெருங்கினால், ஓடைக்குக் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடக்கிறது. அதுதான் பாலம்.

தம்பையா கையை நீட்டி மறித்துவிட்டார்.

“இது ஒற்றைத் தண்டவாளம் மாதிரி. டோக்கன் இல்லாமல் ஒருத்தரும் ஏறப்படாது.”

ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே மோதாமலிருக்க, டோக்கன் கையில் உள்ள ரயில் மட்டும்தான் போகலாம். காட்டில் டோக்கனுக்கு எங்கே போவது? என் வீட்டுக் குழம்புச் சட்டியை அவர்தான் சுமந்து வந்தார்; அதிலிருந்த அகப்பையை எடுத்துக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கடக்க வேண்டும். கடந்ததும் அடுத்தவருக்குத் திருப்பி வீச வேண்டும்.

நான்காவது ஆள் நான். நான் வீசிய அகப்பை ஓடையில் விழுந்து நீரோடு போயே போய்விட்டது.

“பரவாயில்ல, சும்மா வாங்கய்யா!” என்று கத்தினோம்.

“டோக்கன் துலைஞ்சிட்டுது. பாதை மூடியாச்சு” என்று தம்பையா அக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சோறு எங்களிடம். கோழிக் குழம்பு அவரிடம்.

அருவிச் சாரலில் வெறும் சோற்றை விழுங்கினோம். அவரோ எதிரே ஒவ்வொரு துண்டாக எடுத்துச் சப்பிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் நான் ஓடையில் இறங்கினேன். தண்ணீர் முழங்கால் அளவுதான்! போய்ச் சேர்ந்தபோது சட்டி காலி.

“ஏங்கய்யா, நீங்களும் இப்படியே நடந்து வந்திருக்கலாமே?”

“தண்ணியில போறது எங்கட இலாகா இல்லை. அது துறைமுகத்து ஆக்களின்ர வேலை.”

துறைமுகத்து அன்பர்கள் இந்த வாசகசாலை ஏட்டில் இதன் கீழே அவருக்குப் பதில் எழுதலாம். ஆனால் அகப்பை எங்கே என்று என் வீட்டுக்காரி கேட்டால் என்ன சொல்வது? அதை முதலில் எழுதுங்கள்.